தீவட்டி முதல் யூடியூப் லைவ் வரை: விழுப்புரம் தெருக்கூத்தை டெக்னாலஜி எப்படி மாற்றியது?

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி பக்கம் பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் ராத்திரி நேரத்தில் பயணம் செய்தவர்களுக்கு இந்தச் சத்தம் தெரிஞ்சிருக்கும். தூரத்தில் ஒரு ஹார்மோனியம், அதற்கு மேலே ஏறி நிற்கும் ஒரு ஆண் குரல், நடுநடுவே சலங்கை. கிட்டப் போய்ப் பார்த்தால் திரௌபதி அம்மன் கோயில் முன்னாடி தெருக்கூத்து. முன்வரிசையில் பாய் விரித்துப் பாட்டிகளும் பேரப்பிள்ளைகளும், பின்னாடி பைக் மேல் சாய்ந்தபடி இளவட்டம். இவர்களுக்கு நடுவில், மூணு கால் ஸ்டாண்டில் ஒரு செல்போன்.

அந்த செல்போனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. யூடியூபில் 'தெருக்கூத்து'ன்னு தேடிப் பாருங்க. ராத்திரி ஆரம்பித்து விடியும் வரை எடுத்த முழு நீள வீடியோக்கள் வரிசை கட்டும். 'கர்ண மோட்சம்', 'அபிமன்யு', 'அர்ஜுனன் தபசு' என்று எல்லாம் இருக்கும்.

'பழைய கலைக்குள் புது டெக்னாலஜி புகுந்துவிட்டது' என்று ரெண்டு வரியில் முடிச்சிடலாம். ஆனா கதை அப்படி இல்லை. கூத்து எந்தக் காலத்திலும் அந்தந்தக் காலத்து டெக்னாலஜியை வைத்துத்தான் தன் உருவத்தை அமைத்துக்கொண்டது. வேஷக்காரர் தோளில் கண்ணாடி மின்னுவது, தொண்டை கிழியப் பாடுவது, எல்லோரும் மேடையின் ஒரே இடத்துக்கு வந்து வந்து நிற்பது, இது ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு விளக்கோ ஒரு கருவியோ இருக்கிறது. இந்த முறை வந்த கருவியில் மட்டும் ஒரு வித்தியாசம். அது ஆட்டத்தை மாற்றியதோடு நிற்கவில்லை. ஆட்டத்தின் காசு யாருக்குப் போகிறது என்பதையும் மாற்றுகிறது.

கூத்து எப்படி நடக்கும்?

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. வடதமிழ்நாட்டின் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கம் நடக்கும். வில்லிபுத்தூராரின் பாரதத்தை வைத்து ஒருவர் கதை சொல்வார். பகலில் சொன்ன அதே கதையை ராத்திரி கூத்துச் செட்டு ஆடிக் காட்டும். கடைசி நாள் துரியோதனன் படுகளம். களிமண்ணால் தரையில் பெரிய உருவம் செய்து, அங்கேயே போர் முடியும். பிறகு தீமிதி.

செஞ்சி வட்டாரம் இந்த வழிபாட்டின் மையம் என்றே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அமெரிக்கப் பேராசிரியர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-ல் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய நூலின் துணைத்தலைப்பிலேயே செஞ்சி இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குச் சுமார் 30 கிலோமீட்டர்தான்.

ஆட்டம் ஆரம்பிக்கும்போது ரெண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வேஷக்காரர் அதற்குப் பின்னால் இருந்தபடி தான் யார் என்று பாடுவார். கட்டியக்காரன் கிண்டலடிப்பான், கேள்வி கேட்பான், ஊர்க் கதையைச் சேர்ப்பான். அப்புறம்தான் திரை விலகும். சினிமா ஹீரோவின் இன்ட்ரோ சீனுக்கு எல்லாம் இது முன்னோடி என்று நான் சொன்னால் என் தமிழ்ப் பேராசிரியர்கள் கோபப்படலாம். ஆனா பார்த்தா அப்படித்தான் இருக்கு.

கிரீடத்தில் கண்ணாடி எதுக்கு?

கரண்ட் இல்லாத காலத்தில் கூத்துக்கு வெளிச்சம் தீவட்டிதான். துணிப் பந்தத்தில் எண்ணெய் ஊற்றிக்கொண்டே ஆள் பிடிக்க வேண்டும். அந்த வெளிச்சம் அதிக தூரம் போகாது, நிலையாகவும் இருக்காது. காற்றில் ஆடும், மஞ்சளாக எரியும். முப்பதடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு முகம் ஒரு புள்ளிதான்.

இதற்குக் கூத்துக் கலைஞர்கள் கண்ட தீர்வு டிசைன். எடை குறைந்த மரத்தில் கிரீடம், தோளுக்குப் புஜக்கீர்த்தி, மார்புக்குப் பதக்கம் என்று செதுக்கி, வண்ணத் தாளும் ஜிகினாவும் ஒட்டி, கண்ணாடிச் சில்லு பதித்தார்கள். இதற்குக் 'கட்டை' என்று பெயர். ராஜ வேஷங்களைக் 'கட்டை வேஷம்' என்றே சொல்வார்கள். ஆள் சுழன்று ஆடும்போது ஒவ்வொரு சில்லும் தீவட்டி வெளிச்சத்தைப் பிடித்து வேறு வேறு திசைக்கு அடிக்கும். கடைசி வரிசையில் இருக்கும் பாட்டிக்குக் கர்ணன் முகம் தெரியாவிட்டாலும் கர்ணன் வந்துவிட்டான் என்பது தெரியும்.

முகத்துக்கும் இதே கணக்குதான். பல செட்டுகளில் கிருஷ்ணனுக்குப் பச்சை, துரியோதனனுக்குச் சிவப்பு. செட்டுக்குச் செட்டு இதில் வித்தியாசம் உண்டு. மங்கிய வெளிச்சத்தில் தூரத்திலிருந்து ஆளைப் பிரித்துக் காட்ட அடர்த்தியான நிறம் வேண்டும், கண்ணைச் சுற்றிப் பெரிய கோடு வேண்டும். இன்றைக்கு நடிகரை 'அரிதாரம் பூசியவர்' என்கிறோமே, அந்த அரிதாரம் உண்மையில் ஒரு மஞ்சள் கனிமம். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தது, விஷம். வண்ணத்துக்காக அதை முகத்தில் பூசியிருக்கிறார்கள். இன்று அந்தக் கனிமம் போய் வேறு மேக்கப் வந்துவிட்டது. பெயர் மட்டும் மொழியில் ஒட்டிக்கொண்டது.

ஜெர்மன் விளக்கும் மணவாளக்குறிச்சி மணலும்

தீவட்டிக்கு அடுத்து வந்தது பெட்ரோமாக்ஸ். கவுண்டமணி காமெடி நினைவுக்கு வந்தால் சிரிச்சிட்டு வாங்க, இதுல விஷயம் இருக்கு.

1910 வாக்கில் பெர்லினைச் சேர்ந்த மேக்ஸ் கிரேட்ஸ் உருவாக்கிய விளக்கு இது. பெட்ரோலியத்தையும் அவர் பெயரையும் சேர்த்து 'பெட்ரோமாக்ஸ்' ஆனது. பம்ப் அடித்தால் மண்ணெண்ணெய் அழுத்தத்தோடு மேலே ஏறி, சூட்டில் ஆவியாகி எரியும். அந்தத் தீயே நேரடியாக வெளிச்சம் தருவதில்லை. தீ, மேலே கட்டியிருக்கும் மேன்டிலைச் சூடாக்கும். மேன்டில்தான் வெள்ளையாக ஒளிரும்.

மேன்டிலைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக். வலைத்துணியை உப்புக் கரைசலில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். முதல் தடவை எரிக்கும்போது துணி சாம்பலாகிவிடும். மிஞ்சுவது சுமார் 99 பங்கு தோரியம் ஆக்சைடும் 1 பங்கு சீரியம் ஆக்சைடும் கொண்ட ஒரு எலும்புக்கூடு. கை பட்டால் பொடிப்பொடி. மேன்டிலைத் தொடக் கூடாது என்று ஊரில் பிள்ளைகளை விரட்டியது இதனால்தான்.

இந்தத் தோரியம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் கதை தமிழ்நாட்டுக்குத் திரும்புகிறது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், இந்தியாவிலிருந்து இறக்குமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். தோரியமும் சீரியமும் இருக்கும் கனிமம் அது. அடுத்த வருடமே, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியில் அதைப் பிரித்தெடுக்கும் ஆலை வந்தது. உலகம் முழுக்க மேன்டில் எரிந்த காலத்தில் அதன் மூலப்பொருள் நம்ம கடற்கரையிலிருந்து போயிருக்கிறது.

கூத்தில் பெட்ரோமாக்ஸ் செய்த மாற்றம் பெரிது. தீவட்டியைப் பிடிக்க ஆள் வேண்டும். பெட்ரோமாக்ஸைக் கம்பத்தில் தொங்கவிட்டால் போதும். வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றது. எந்த இடத்தில் வெளிச்சம் விழுகிறதோ அதுவே ஆடும் களம். மேடை என்ற ஒன்று, பலகை போடுவதற்கு முன்பே, வெளிச்சத்தால் உருவாகிவிட்டது.

'5 கட்டை'ன்னா என்ன?

மைக் இல்லாத திறந்தவெளியில் கடைசி வரிசை வரை கேட்க வேண்டும் என்றால் வழி ஒன்றுதான், உச்சஸ்தாயி. கூட வாசிக்கும் முகவீணையும் அதே போலக் கூர்மையான சத்தம் தரும் கருவி. சுருதிக்குக் காற்றுப் பை போன்ற துத்தி இருந்தது.

அந்த இடத்துக்கு ஹார்மோனியம் வந்தது. பிரான்சில் அலெக்சாந்தர் டெபெய்ன் 1842-ல் காப்புரிமை பெற்ற கருவி, காலால் மிதித்து வாசிப்பது. நம்ம ஊரில் நாற்காலி போட்டு யார் வாசிப்பாங்க? கொல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் 1870-களில் அதைத் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் காற்றடித்து மறு கையால் வாசிக்கும் பெட்டியாக மாற்றினார். அந்த ஒரு டிசைன் மாற்றம்தான் ஹார்மோனியத்தை இந்தியக் கருவி ஆக்கியது. கர்நாடக, இந்துஸ்தானி வித்வான்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. கமகம் வராது என்பது குற்றச்சாட்டு. அகில இந்திய வானொலி 1940-ல் ஹார்மோனியத்தையே தடை செய்து, 1971 வரை விலக்கி வைத்தது. கூத்துக்காரர்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ராத்திரி முழுக்க ஸ்ருதி இறங்காமல் ஒலிக்கும் பெட்டி அவர்களுக்குத் தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டார்கள்.

பாட்டின் ஸ்ருதியை இன்றும் 'ஒரு கட்டை', 'அஞ்சு கட்டை' என்றுதானே சொல்கிறோம்? அது ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டையை எண்ணிச் சொல்வது. தோளில் இருப்பதும் கட்டை, தொண்டையில் இருப்பதும் கட்டை. கூத்துக்காரரின் ராத்திரி ரெண்டு கட்டைக்கு நடுவில்.

மைக் வந்ததும் களம் திரும்பியது

கரண்டும் மைக் செட்டும் வந்தபோது தொண்டைக்கு ஓய்வு கிடைத்தது உண்மை. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. தெருவில் மூன்று பக்கமும் ஜனங்கள் உட்கார, நடுவில் சுழன்று ஆடிய ஆட்டம் அது. ஒன்றோ ரெண்டோ மைக் மட்டும் இருந்தால் என்ன ஆகும்? பாட வேண்டியவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மைக்குக்கு வர வேண்டும். வசனம் பேசுபவரும் அங்கேதான் வர வேண்டும். எல்லோரும் முன்பக்கம் பார்த்து நின்று பேசும் வழக்கத்துக்கு மைக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொரு விஷயம், கூம்பு ஒலிபெருக்கி. அதன் வடிவமே குரல் இருக்கும் அலைவரிசையைத் தூக்கி வெகுதூரம் அனுப்புவதற்கானது. அடி ஒலியை அது கிட்டத்தட்ட விட்டுவிடும். அதனால் பக்கத்து ஊருக்குப் பாட்டும் ஹார்மோனியமும் கேட்கும். மிருதங்கத்தின் தொப்பி கேட்காது. இப்போது பாக்ஸ் ஸ்பீக்கர் வந்த பிறகு தொப்பி திரும்பி வந்திருக்கிறது. சில இடங்களில் மைக் செட்காரரின் ஆர்வத்தால் அது மட்டும்தான் கேட்கிறது!

சட்டம் நுழைவதும் இங்கேதான். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக மாநில அரசு நள்ளிரவு 12 வரை தளர்வு தரலாம், அதுவும் வருடத்துக்கு மொத்தம் 15 நாளுக்கு மேல் கூடாது. கூத்து ஆரம்பிப்பதே பத்து மணிக்கு, முடிவது விடியற்காலை. அதாவது, மைக் வைத்த கூத்தும் சட்டப்படியான தூக்க நேரமும் அப்படியே ஒன்றன்மேல் ஒன்று உட்காருகின்றன. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும் விதி தேவைதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனா 12 மணிக்கு மைக்கை அணைத்தால் அர்ஜுனன் தபசு மரத்தில் பாதிதான் ஏறியிருப்பார். மரபில் மைக்கே இல்லாத ஒரு கலை, மைக்கை நம்பப் பழகிய பிறகு இப்படி மாட்டிக்கொண்டிருக்கிறது.

நீல லைட்டில் துரியோதனன்

இன்று டியூப் லைட்டும் போய் எல்.இ.டி. வந்துவிட்டது. வெள்ளை எல்.இ.டி. விளக்குக்கு அடிப்படையான நீல எல்.இ.டி.க்காக மூன்று ஜப்பானிய வம்சாவளி விஞ்ஞானிகளுக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீல ஒளியின் மேல் ஒரு மஞ்சள் பூச்சு வைத்தால் வெள்ளை கிடைக்கும். அந்தப் பூச்சில் பெரும்பாலும் இருப்பது, சொன்னா நம்ப மாட்டீங்க, சீரியம். பெட்ரோமாக்ஸ் மேன்டிலில் ஒரு பங்கு இருந்ததே, அதே தனிமம்.

வெள்ளை விளக்கு வரைக்கும் பிரச்சினை இல்லை. கல்யாண மண்டபத்துக்குப் போகும் கலர் லைட்டைக் கூத்து மேடையிலும் சுழலவிடும்போதுதான் சிக்கல். சிவப்பு நிறம் சிவப்பாகத் தெரிய அதன் மேல் சிவப்பு ஒளி விழ வேண்டும். நீல ஒளியில் சிவப்பு முகம் கறுப்பாகத் தெரியும். மணிக்கணக்கில் உட்கார்ந்து போட்ட துரியோதனன் வேஷம் ஒரே நொடியில் யாரென்றே தெரியாமல் போகும். லைட் செட்காரரிடம் 'வெள்ளை மட்டும் போடுங்க அண்ணே' என்று சொல்ல எந்தச் செலவும் இல்லை.

செல்போனும் வீடியோ காசும்

கூத்தைப் பதிவு செய்வது செல்போனில் தொடங்கவில்லை. கேசட் வந்தது, பிறகு வி.சி.டி. வந்தது. கோயில் திருவிழாக் கடைகளில் சாமி பாட்டுக்குப் பக்கத்தில் விற்றார்கள். கேசட்டுக்கு ஒரு கம்பெனி வேண்டும், ஸ்டூடியோ வேண்டும், கலைஞரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். செல்போனுக்கு இது எதுவும் வேண்டாம். 2020, 2021 ரெண்டு வருடமும் சீசன் நேரத்திலேயே கொரோனா ஊரடங்கு வந்து கூத்துகள் நின்றுபோயின. ஊரே வீட்டுக்குள் போனைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

இதில் நல்லதும் நடந்திருக்கிறது. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர் தன் ஊர்க் கூத்தை லைவில் பார்க்கிறார். வீடியோ பார்த்துவிட்டு வேறு ஊர்க்காரர்கள் வாத்தியாருக்குப் போன் போட்டு அச்சாரம் தருகிறார்கள். வீடியோ எடுக்கும் பையன்கள் பலரும் அதே ஊர்தான், சொந்தக் காசில் ஸ்டாண்டும் டேட்டாவும் வாங்கி விடிய விடிய நிற்கிறார்கள். அவர்களைத் திருடர்கள் மாதிரிப் பேசுவது நியாயம் இல்லை.

ஆனா கணக்கைப் பாருங்க. யூடியூபில் முழு விளம்பர வருமானம் பெற ஒரு சேனலுக்கு 1,000 சப்ஸ்கிரைபர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் இருக்க வேண்டும். (ஷார்ட்ஸ் வழியாக என்றால் 90 நாளில் 1 கோடி வியூஸ்.) எட்டு மணி நேர வீடியோவை 4,000 பேர் ஆளுக்கு ஒரு மணி நேரம் பார்த்தாலே இலக்கு முடிந்தது. நீள வீடியோக்களில் வரும் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் சேனல் வைத்திருப்பவருக்கு. ஆடியவருக்கு அந்த ராத்திரிக்குப் பேசிய சம்பளம் மட்டும். அந்தப் பேச்சில் வீடியோ என்ற வார்த்தை வருவதே அபூர்வம்.

நடுவில் இன்னொருவரும் வரலாம். கட்டியக்காரன் ஜாலிக்கு ஒரு சினிமாப் பாட்டைப் பாடினால், யூடியூபின் தானியங்கி முறை அதைக் கண்டுபிடித்து, வருமானத்தைப் பாட்டு நிறுவனத்தின் பக்கம் திருப்பிவிட வாய்ப்பு உண்டு. சினிமா மெட்டுக்கு உடனே சொந்தக்காரர் கிடைக்கிறார். கூத்து விருத்தத்துக்கு யாரும் வருவதில்லை.

சட்டம் கூத்துக் கலைஞரைக் கைவிட்டுவிட்டதா? இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று இருக்கிறது. 1994 திருத்தத்தில் விரிவாக வந்தது, 2012-ல் மேலும் வலுவானது. நடிகர், பாடகர், இசைக்கலைஞர், நடனக்காரர், ஏன், பாம்பாட்டி, கழைக்கூத்தாடி வரை அந்த வரையறைக்குள் வருகிறார்கள். பாரதக் கதை எல்லோருக்கும் பொது. ஆனால் அன்றைக்கு ராத்திரி அந்த மேடையில் அவர் ஆடிய ஆட்டத்தைப் பதிவு செய்யவும், மக்களுக்குப் பரப்பவும் அனுமதிக்கும் உரிமை அவருடையது. 50 வருடம் செல்லும். நீங்க சொந்தமாப் பார்க்க எடுப்பது இதில் வராது. காசுக்காகப் போடுவது வரும். எழுத்துமூலம் ஒரு படத்தில் தன் ஆட்டத்தைச் சேர்க்கச் சம்மதித்த பிறகும்கூட, வணிகப் பயன்பாடு என்றால் ராயல்டி கேட்க 2012 திருத்தம் வழி வைத்திருக்கிறது.

இந்த உரிமையை வைத்துக் கோர்ட்டுக்குப் போகும் நிலையில் பெரும்பாலான செட்டுகள் இல்லை என்பது யாருக்கும் தெரியும். நடைமுறையில் முடியக்கூடியது வேறு. வெத்தலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுக்கும்போதே வீடியோ பற்றிப் பேசிவிடலாம்: யார் எடுப்பது, எந்த சேனலில் போடுவது, வருமானம் வந்தால் எப்படிப் பிரிப்பது. நோட்டுப் பேப்பரில் நாலு வரி போதும். செட்டே சொந்தமாக சேனல் வைத்து, வீடியோ எடுக்கும் பையனுக்குப் பங்கு கொடுப்பது இன்னும் நல்லது. வாத்தியார் பெயர், வேஷக்காரர் பெயர், மிருதங்கம், ஹார்மோனியம் வாசித்தவர் பெயர் டிஸ்கிரிப்ஷனில் இருக்க வேண்டும். பெயர் போடாத வீடியோவில் ஆடியவர் யார் என்று அடுத்த தலைமுறைக்குத் தெரியவே போவதில்லை.

ஷார்ட்ஸ் பற்றியும் ஒன்று சொல்லணும். இதை எழுதும் நானே தினமும் செங்குத்து வீடியோ வெட்டும் டெஸ்கில்தான் வேலை பார்க்கிறேன். செங்குத்துச் சட்டத்தில் ஒரு ஆள்தான் அடங்குவார். கூத்தோ அகலமான கலை. ஒருவர் சுழல்வார், பின்பாட்டுக்காரர்கள் அடியைத் திருப்பிப் பாடுவார்கள், ஓரத்தில் கட்டியக்காரன் முகத்தைச் சுளிப்பான். வெட்டும்போது மிஞ்சுவது கட்டியக்காரனின் ஜோக் மட்டும். அதுவும் இரட்டை அர்த்தம் என்றால் வியூஸ் எகிறும். அதைப் பார்த்துவிட்டுக் கூத்தே அவ்வளவுதான் என்று கமென்ட் போடுகிறவர்களிடம் கோபப்பட்டு என்ன செய்ய? அவர்கள் பார்த்தது முப்பது செகண்ட்.

நேரில் பார்க்கணுமா?

சித்திரை, வைகாசியில் விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, மேல்மலையனூர் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் நோட்டீஸ்களைக் கவனியுங்க. எந்த ராத்திரி எந்தக் கதை என்று அதிலேயே போட்டிருக்கும். மத்தியானம் பிரசங்கத்துக்குப் போனால் ராத்திரிக் கதை நன்றாகப் புரியும். பதினோரு மணிக்குள் போய்விடுங்க, திரைக்குப் பின்னால் இருந்து வரும் முதல் பாட்டைத் தவறவிடக் கூடாது. கோயில் பக்கம் என்பதால் செருப்பைக் கொஞ்சம் தள்ளி விடுங்க. பாயும் போர்வையும் கையோடு இருக்கட்டும், விடியற்காலையில் வைகாசியிலும் குளிரும்.

போட்டோ எடுக்கலாம், ஃபிளாஷ் மட்டும் வேண்டாம். தோள் கட்டையில் இருக்கும் கண்ணாடிச் சில்லு அத்தனையும் அந்த வெளிச்சத்தை உங்க கேமராவுக்கே திருப்பி அடிக்கும். படத்தில் ராஜா முகமே தெரியாது.